கீ... கீ... கீ...! எழுந்திரிச்சீங்களா பாஸ்?

பாஸ், ஒரு சின்னக் கேள்வி. நீங்க கடைசியா போன தியேட்டர்ல பாப்கார்ன் கவுன்டர் எந்தப் பக்கம்? கண்ணை மூடிக்கிட்டு சொல்வீங்க. ரெஸ்ட் ரூம்? அதுவும் ஓ.கே. ஃபயர் அலாரம் பட்டன் எந்தச் சுவத்துல இருந்துச்சு?

முழிக்கிறீங்க இல்ல? நானும் முழிச்சவன்தான். அதுக்கும் மேலே போய் அம்மாகிட்ட ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைச்சாதான் இப்பவும் வயித்துக்குள்ளே என்னமோ பண்ணுது. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

போன மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மேட்னி. எங்க வீடு பல்லாவரம். ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு தியேட்டர் (பேரு எதுக்கு, விடுங்க). ரொம்ப நாளா 'ஒரு படம் கூட்டிட்டுப் போடா'ன்னு கேட்டுக்கிட்டிருந்த அம்மாவை அன்னிக்குத்தான் அழைச்சுக்கிட்டுப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பால்கனிக்குப் படியேற பத்து நிமிஷம் ஆச்சு. ரெண்டு படிக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, 'இன்னும் எத்தனைடா?'ன்னு கேட்டு, ஒருவழியா சீட்டுல போய் உட்கார்ந்தோம்.

இன்டர்வெல் முடிஞ்சு இருபது நிமிஷம் இருக்கும். எங்கேயோ 'கீ... கீ... கீ...'ன்னு ஒரு சத்தம். எங்க ஏரியாக்காரங்களுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் முதல்ல ஃப்ளைட்டுதான் ஞாபகம் வரும். மீனம்பாக்கம் ரன்வே பக்கத்துலயே குடியிருந்தா அப்படித்தான். ஆனா இது நிக்கவே இல்லை. பின்னாடி வரிசையில ஒருத்தன், 'டேய், யார் போன்டா அது, எடுத்துத் தொலைங்கடா!'ன்னான். பால்கனியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

அம்மா கேட்டாங்க, 'என்னடா அது?'

எனக்குத் தெரியும். நான் ஈ.சி.இ. மூணாவது வருஷம். இன்பிளான்ட் டிரெய்னிங்ல ரெண்டு வாரம் இதே மாதிரி ஹூட்டர், பேனல் எல்லாம் பார்த்துட்டு வந்தவன். 'ஃபயர் அலாரம்மா'ன்னேன்.

'அப்போ போயிடலாமா?'

நான் இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். 'எல்லாரும் உட்கார்ந்துதானேம்மா இருக்காங்க'ன்னு சொன்னேன்.

இதுதான் பாஸ் அந்தப் பதில். தீ இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இது என்ன சத்தம்னு அந்த பால்கனியிலேயே நிச்சயமா தெரிஞ்சவன் நானாத்தான் இருந்திருப்பேன். ஆனாலும் பக்கத்துல இருந்தவங்களோட முதுகைப் பார்த்து முடிவெடுத்தேன்.

ரெண்டு நிமிஷத்துல சத்தம் நின்னுடுச்சு. படம் முடிஞ்சதும் அம்மாவைக் கீழே ஒரு நாற்காலியில உட்கார வெச்சுட்டு, டார்ச் வெச்சிருந்த அண்ணன்கிட்ட விசாரிச்சேன். 'ஒண்ணுமில்ல தம்பி, கேன்டீன்ல எண்ணெய்ப் புகை. அது எப்பவும் ஆஃப்லதான் இருக்கும். காலையில சர்வீஸுக்கு வந்தவன் ஆன் பண்ணிட்டுப் போயிட்டான்.' எவ்வளவு கூலா சொன்னாரு தெரியுமா!

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மனசுக்குள்ளே அந்தப் படிக்கட்டை எண்ணிக்கிட்டே கிடந்தேன். ஏறவே பத்து நிமிஷம். இருட்டுல, புகையில, ஆளுங்க தள்ளுமுள்ளுல இறங்க எவ்வளவு நேரம்?

புகை வந்தும் பேனாவைக் கீழே வைக்காத பசங்க!

நான் மட்டும்தான் இப்படியான்னு தேடினப்போ ஒரு பழைய ஆராய்ச்சி மாட்டுச்சு. 1968-ல பிப் லட்டானே, ஜான் டார்லின்னு ரெண்டு உளவியல்காரங்க நியூயார்க்குல கொலம்பியா யுனிவர்சிட்டியில செஞ்சது. காலேஜ் பசங்களை ஒரு ரூமுக்குள்ளே உட்கார வெச்சு 'இந்த ஃபார்மை நிரப்புங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல சுவத்துல இருக்கிற ஓட்டை வழியா வெள்ளைப் புகை மெதுவா உள்ளே வரும். இதுதான் சோதனை.

தனியா இருந்த பசங்கள்ல நூத்துக்கு 75 பேர் எழுந்து போய் விஷயத்தைச் சொல்லிட்டாங்க. அடுத்து ஒரு பையனோட ரெண்டு 'செட்டப்' ஆளுங்களை உட்கார வெச்சாங்க. புகை வந்தாலும் கண்டுக்காம எழுதிக்கிட்டே இருக்கணும்னு அவங்களுக்கு ஆர்டர். இப்போ எழுந்திரிச்சவங்க? பத்துல ஒருத்தர்தான்! மத்தவங்க இருமிக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு, கையால புகையை விசிறிக்கிட்டு... ஆனா ஃபார்மை மட்டும் விடலை. 'ஏன்ப்பா எழுந்திரிக்கலை?'ன்னு கேட்டா, 'ஏ.சி.யிலேர்ந்து வர்ற ஆவின்னு நினைச்சேன்'னாங்க. 'உண்மையைப் பேச வைக்கிற கேஸ்னு நினைச்சேன்'னு சொன்ன புண்ணியவான்களும் உண்டு!

செட்டப் இல்லாம மூணு பேருமே நிஜமான பசங்களா இருந்தப்பகூட 38 சதவிகித குழுக்கள்லதான் ஒருத்தராவது எழுந்து போய்ச் சொல்லியிருக்காங்க. ஒவ்வொருத்தரும் மத்த ரெண்டு பேரையும் பார்க்கிறாங்க. மத்த ரெண்டு பேரும் இவரைப் பார்க்கிறாங்க. எல்லாரும் 'நான் பயப்படலையாக்கும்'னு மூஞ்சியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. எங்க பால்கனியில அன்னிக்கு நடந்ததும் இதேதான்.

பால்கனியில இருந்தவங்க

தியேட்டர், தீ, பால்கனி... இந்த மூணும் ஒண்ணா வந்தா உப்ஹார் பத்திப் பேசாம நகர முடியாது.

டெல்லி, கிரீன் பார்க். 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. 'பார்டர்' படம் ரிலீஸான நாள். நாம எல்லாம் பிறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுதான், ஆனா படிச்சா நேத்து மாதிரி இருக்கும். தியேட்டரோட தரைத்தளத்துல கார் பார்க்கிங். அதே தளத்துல டிரான்ஸ்ஃபார்மர். அன்னிக்குக் காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை தீப்பிடிச்சிருக்கு. ஆளுங்க வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அந்த ரிப்பேர் சரியா இல்லை. மதியக் காட்சி நடந்துக்கிட்டிருக்கிறப்போ, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல, ஒரு கேபிள் கழண்டு பொறி பறந்து, எண்ணெய் ஒழுகித் தீப்பிடிச்சு, பக்கத்துல நெருக்கமா நிறுத்தியிருந்த கார்களும் எரிய ஆரம்பிச்சுது.

தீ மேலே வரலை பாஸ். புகைதான் வந்துச்சு. படிக்கட்டு இருக்கிற அந்தக் கூண்டு, செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி வேலை செஞ்சு புகையை நேரா மேலே இழுத்துச்சு. ஏ.சி. குழாய் வழியாவும் புகுந்துச்சு. கீழ்த்தளத்துல படம் பார்த்தவங்க பெரும்பாலும் தப்பிச்சுட்டாங்க. பால்கனியில இருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. கூடுதல் டிக்கெட் விக்கணும்கிறதுக்காக நடைபாதையை அடைச்சு எக்ஸ்ட்ரா சீட் போட்டிருந்தாங்க. ஒரு பக்கம் இருந்த வெளிவழியை, முதலாளி குடும்பத்துக்குன்னு கட்டின பாக்ஸ் மறைச்சுது. எமர்ஜென்ஸி லைட் இல்லை. 'தீ... வெளியே போங்க'ன்னு மைக்ல ஒரு வார்த்தை வரலை. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தாங்க. நூத்துக்கும் மேலே காயம்.

நீலம் - சேகர் கிருஷ்ணமூர்த்தின்னு ஒரு தம்பதி. பொண்ணு உன்னதி, 17 வயசு. பையன் உஜ்வல், 13. முதல் நாள் பரபரப்புல ரெண்டு பேரையும் படத்துக்கு அனுப்பினாங்க. ரெண்டு பேருமே திரும்பி வரலை. அன்னிலேர்ந்து கோர்ட் படியேற ஆரம்பிச்ச அந்த அம்மாவும் அப்பாவும் இருபது வருஷத்துக்கு மேலே ஏறினாங்க. 2007-ல தீர்ப்பு, அப்புறம் தண்டனைக் குறைப்பு, 2015-ல ஜெயிலுக்குப் பதிலா உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 30 கோடி அபராதம், 2017-ல அதுலயும் ஒரு மாற்றம், நடுவுல கோர்ட் ஆவணங்களையே அழிச்சதா தனியா ஒரு வழக்கு... அது வேற ஒரு முழுக் கட்டுரை. அவங்களே 2016-ல புத்தகமா எழுதினாங்க. 2023-ல அது வெப் சீரிஸாவும் வந்துச்சு. பாருங்க. ஆனா எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி வேண்டாம்.

நான் அடிக்கோடு போட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. புகை பால்கனிக்கு ஏறி வர கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் இல்லையா? அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் ஒரு அலாரம் சம்பாதிச்சுத் தர்றது. அதுக்கு மேலே அதால ஒண்ணும் முடியாது. அது தீயை அணைக்காது. நமக்கு சில நிமிஷம் கடன் கொடுக்கும். அவ்வளவுதான்.

டாக்ஸிக்காரர் பார்த்தாரு, கப்பல்காரர் பார்த்தாரு!

சரி, நம்ம ஊர்லதான் இப்படின்னு அலுத்துக்காதீங்க. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல 'ஐல் ஆஃப் மேன்'னு ஒரு தீவு. அங்கே டக்ளஸ் ஊர்ல 'சம்மர்லேண்ட்'னு 1971-ல பிரமாண்டமா ஒரு பொழுதுபோக்குக் கட்டடம் திறந்தாங்க. டான்ஸ், பார், விளையாட்டு எல்லாம் ஒரே கூரைக்குள்ளே. சுவர்லயும் கூரையிலயும் அக்ரிலிக் பிளாஸ்டிக். வெயில் உள்ளே வரணுமாம்!

1973 ஆகஸ்ட் 2, ராத்திரி. உள்ளே கிட்டத்தட்ட 3,000 பேர். வெளியே மினி கோல்ஃப் பக்கத்துல ஒரு பழைய பெட்டிக்கடை மாதிரி கூண்டு. அதுக்குள்ளே பசங்க சிகரெட் பிடிக்கிறப்போ தீப்பிடிச்சுது. ஊழியர்கள் 'நாமளே அணைச்சுடலாம்'னு இறங்கினாங்க. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லாம சுமார் இருபது நிமிஷம் போச்சு. கடைசியில தகவல் சொன்னது யார் தெரியுமா? வெளியே போய்க்கிட்டிருந்த டாக்ஸிக்காரங்க ஒரு பக்கம். கடல்ல ரெண்டு மைல் தள்ளி நின்ன கப்பலோட கேப்டன் இன்னொரு பக்கம். கப்பல்லேர்ந்து தெரிஞ்ச தீ, கட்டடத்துக்குள்ளே உட்கார்ந்திருந்தவங்களுக்கு நேரத்துல சொல்லப்படலை. பூட்டின கதவுகள் வேற. 50 பேர் செத்தாங்க.

நம்ம பக்கம் திரும்புவோம். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் பத்மப்பிரியா கல்யாண மண்டபம். மாடியில கீத்துப் பந்தல், வீடியோ லைட் வயர்லேர்ந்து பொறி, இறங்குறதுக்குக் குறுகலான படி. 50-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. மாப்பிள்ளையும் அதுல ஒருத்தர். அதே வருஷம் ஜூலை 16-ல கும்பகோணம் பள்ளி, 94 குழந்தைகள். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நமக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிறது ராஜ்கோட். 2024 மே 25, சனிக்கிழமை, கோடை லீவு. 'டி.ஆர்.பி. கேம் ஸோன்'ல 99 ரூபாய் டிக்கெட் ஆஃபர். பௌலிங், கார் ரேஸ்னு நம்ம வயசுப் பசங்களும் குட்டிப் பசங்களும் குவிஞ்சிருந்தாங்க. உள்ளேயே ஒரு பக்கம் வெல்டிங் வேலை. பொறி விழுந்துச்சு. தகர ஷெட், ஃபோம், எரிபொருள். 27 பேர் போயிட்டாங்க. தீயணைப்புத்துறையோட தடையில்லாச் சான்றே இல்லாம ஓடிக்கிட்டிருந்த இடம் அது. 99 ரூபாய் ஆஃபர்னா நானும் நீங்களும் யோசிப்போமா சொல்லுங்க? குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுட்டுக் கிளம்பியிருப்போம்!

ஓம்ஸ் லாவும் ஒரு மஞ்சள் லைட்டும்

இப்போ கொஞ்சம் இன்ஜினீயரிங். ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்கள் ஓடாதீங்க, பிளஸ் டூ அளவுதான்.

சுவத்துல நெஞ்சு உயரத்துல, சின்னக் கண்ணாடி போட்டு, செவப்பா ஒரு டப்பா இருக்கும். அதுக்குப் பேரு மேனுவல் கால் பாயின்ட். தீயைப் பார்த்தா கண்ணாடியை உடைக்கணும், இல்லைன்னா அமுக்கணும். கூரையில வெள்ளையா, கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி இருக்கிறது ஸ்மோக் டிடெக்டர். இப்போ அதிகமா புழங்குற வகையோட வயித்துக்குள்ளே ஒரு இன்ஃப்ராரெட் எல்.இ.டி., ஒரு ஃபோட்டோ டயோடு. ரெண்டும் நேருக்கு நேர் பார்த்துக்காது. ரூட் நம்பர் 21-ஜி-யில சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற லவ்வர்ஸ் மாதிரி! சுத்தமான காத்துல எல்.இ.டி. வெளிச்சம் டயோடு மேலே படாது. புகை உள்ளே வந்தா வெளிச்சம் அதுமேல பட்டுச் சிதறும். டயோடு விழிச்சுக்கும்.

இதுல ஒரு சிக்கல். டிடெக்டருக்குத் தீயோட புகை, எண்ணெய்ப் புகை, ஊதுவத்திப் புகை, வெந்நீர் ஆவி, டியோடரன்ட் எல்லாம் ஒண்ணுதான். உள்ளே ஒரு சிலந்தி குடிபோனாகூட அலாரம் அடிக்கும். அதனாலதான் கேன்டீன், கிச்சன் மாதிரி இடத்துல புகை டிடெக்டர் போடாம ஹீட் டிடெக்டர் போடுவாங்க. வெப்பம் கிட்டத்தட்ட 57 டிகிரி தாண்டினாதான் அது கத்தும். நம்ம தியேட்டர் கேன்டீன்ல போட்டிருந்தது தப்பான டிடெக்டர்னுதான் என் சந்தேகம். டிடெக்டரை மாத்துறதுக்குப் பதிலா சிஸ்டத்தையே ஆஃப் பண்ணிட்டாங்க. தலைவலிக்குத் தலையைக் கழட்டி வெச்ச கதை!

எல்லா டிடெக்டரும் ரெண்டு வயர்ல ஒரு பேனலுக்குப் போகும். அந்த வயரோட கடைசி முனையில ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர் லேப்ல இருபத்தஞ்சு பைசா சமாச்சாரம்னு தூக்கிப் போட்டோமே, அதேதான். எப்பவும் அது வழியா துளியூண்டு கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும். டிடெக்டர் புகையைப் பார்த்தா கரன்ட் எகிறும், பேனல்ல செவப்பு லைட், ஹூட்டர். எலி வயரைக் கடிச்சுட்டா கரன்ட் ஜீரோ ஆகும், உடனே மஞ்சள் லைட். அதாவது 'என்னால இந்த ஏரியாவைப் பார்க்க முடியலைப்பா'ன்னு அர்த்தம். நாம படிச்ச ஓம்ஸ் லா இவ்வளவு அழகா ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கிறதை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை. அந்த மஞ்சளை யாராவது பார்க்கணும், அவ்வளவுதான்.

தியேட்டருக்குன்னு தனியா ஒரு பிரச்னை இருக்கு. அலாரச் சத்தம் குறைஞ்சது 65 டெசிபல் இருக்கணும், இல்லைன்னா சுத்தியிருக்கிற சத்தத்தைவிட 5 டெசிபல் அதிகம் இருக்கணும்கிறது பொதுவான விதி. ஆனா தியேட்டர் ஸ்பீக்கர் ஒரு சேனலுக்கு உச்சத்துல 105 டெசிபல் வரைக்கும் போகிற மாதிரி டிசைன் பண்ணியிருப்பாங்க. ஹீரோ என்ட்ரியோட போட்டி போட எந்த ஹூட்டராலயும் முடியாது. அதனால அலாரம் அடிச்சா படத்தோட சவுண்டு கட் ஆகணும், விளக்கு எரியணும், ஏ.சி. நிக்கணும். இந்த இன்டர்லாக்கைத்தான் நீங்க முதல்ல விசாரிக்கணும்.

இன்னொண்ணு, வெறும் மணி அடிச்சாலே பத்தாது. இங்கிலாந்துல நியூகாஸில் பக்கம் ஒரு சுரங்க ரயில் நிலையத்துல சோதனை பண்ணி 1991-ல வெளியிட்டாங்க. மணி மட்டும் அடிச்சப்போ ஜனங்க நின்ன இடத்துலயே நின்னாங்க. 'இந்த வழியா வெளியே போங்க'ன்னு மைக்ல தெளிவா சொன்னப்போ மளமளன்னு நகர்ந்தாங்க. அன்னிக்கு எங்க தியேட்டர்ல 'தயவுசெய்து எழுந்து இடது பக்கக் கதவு வழியா வெளியே போங்க'ன்னு ஒரு குரல் வந்திருந்தா? நான் அம்மா கையைப் பிடிச்சிருப்பேன். நிச்சயமா.

தேஞ்சுபோன பட்டன்

எங்க ஏரியாவுல இந்தப் பேனல்களை சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர், பம்மல்காரர். பைக்ல ஒரு நீளமான கம்பி, அது முனையில ஒரு கப்பு, அதுக்குள்ளே டெஸ்ட் புகை அடிக்கிற ஸ்பிரே. தூண்டில் போடப் போற மாதிரி இருப்பாரு. ரெண்டு சனிக்கிழமை அவர்கூட சுத்தினேன். எந்தெந்த இடம்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.

'ஒரு பில்டிங்குக்குள்ளே போனா நான் முதல்ல என்ன பார்ப்பேன் தெரியுமா தம்பி? பேனல்ல எந்த பட்டன் தேஞ்சிருக்குன்னு. பாதி இடத்துல சைலன்ஸ் பட்டன்ல எழுத்தே அழிஞ்சிருக்கும். டெஸ்ட் பட்டன் புத்தம் புதுசா மின்னும்'னாரு. அன்னிக்குப் பார்த்த ஒரு பேனல்லயும் அதே கதைதான். அந்த சைலன்ஸ் பட்டன்ல 'ஸை'யும் இல்லை, 'ன்ஸ்'ஸும் இல்லை! வாட்ச்மேன் தாத்தாகிட்ட கேட்டோம். 'கத்துச்சுன்னா அமுக்கச் சொல்லியிருக்காங்க'ன்னாரு. அவர் மேலே என்ன தப்பு? எங்கே கத்துதுன்னு போய்ப் பார்க்கணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. பேனல்ல எல்லாமே இங்கிலீஷ். எந்த விளக்கு எரிஞ்சா எந்த மாடின்னு தமிழ்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கலாம், அதுவும் இல்லை. அண்ணன் அங்கேயே ஒரு அட்டையில எழுதி செலோ டேப் போட்டு ஒட்டிட்டு வந்தாரு. அதுக்கு பில் போடலை.

முதலாளிங்களைத் திட்டத் தயாராயிட்டீங்களா? ஒரு நிமிஷம் இருங்க. ஹாஸ்டலுக்கு வாங்க.

எங்க ஃப்ரெண்ட்ஸ் தங்கியிருக்கிற ஹாஸ்டல் ஒண்ணுல ரூமுக்கு ரூம் ஸ்மோக் டிடெக்டர் இருக்கு. நான் ஒரு ஃப்ளோரை எண்ணினேன். பதினாலு ரூம்ல ஒன்பதுல டிடெக்டர் மேலே பாலிதீன் கவர், சுத்தி ரப்பர் பேண்டு! ஒரு ரூம்ல ஷவர் கேப். ஒரு ரூம்ல அதுக்குமேல துண்டு காயுது. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். திருட்டு தம், ராத்திரி இன்டக்‌ஷன் ஸ்டவ்ல மேகி. 'வார்டன் வந்துடுவாருடா'ங்கிற பயம் இருக்கு. 'தீ வந்துடும்டா'ங்கிற பயம் இல்லை. அதுல ஒரு கவரை மாட்டினது நான்தான். செகண்ட் இயர்ல, ஒரு பர்த்டே பார்ட்டிக்காக. அதை இன்னிக்கு வரைக்கும் யாரும் கழட்டலை. போன வாரம் போய் நானே கழட்டினேன். உள்ளே ஒரு இன்ச் தூசி.

மறுபடியும் அதே தியேட்டர்

ரெண்டு வாரம் முன்னாடி தனியா போனேன். படம் பார்க்க இல்லை. மேனேஜரைப் பார்க்கணும்னு சொன்னேன். காலேஜ் ஐ.டி.யைக் காட்டினதும் 'ஸ்டூடன்ட் கன்செஷன்லாம் கிடையாதுப்பா'ன்னாரு. விஷயத்தைச் சொன்னேன். முதல்ல கோபம், அப்புறம் ஒரு டீ. நல்ல மனுஷன்தான். 'படம் நடுவுல அடிச்சா ஜனங்க காசைத் திருப்பிக் கேக்கிறாங்க தம்பி. தெனமும் ரெண்டு தடவை அடிச்சா நான் என்ன பண்றது?'ன்னாரு. நியாயமான கேள்வி. 'கேன்டீன்ல ஹீட் டிடெக்டர் மாத்திட்டா அடிக்காது சார்'னு சொன்னேன். ஒரு பேப்பர்ல படம் வேற போட்டுக் காட்டினேன். 'இதுக்கு எவ்வளவு ஆகும்?'னு கேட்டாரு. பம்மல் அண்ணன் நம்பரைக் கொடுத்துட்டு வந்தேன். கிளம்புறப்போ அந்தப் பேனலைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். டிக்கெட் கவுன்டருக்குப் பின்னாடி, காலண்டருக்குக் கீழே. மூணு மஞ்சள் லைட் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

தியேட்டர் லைசென்ஸுக்குத் தீயணைப்புத்துறையோட சான்று வேணும், அது சும்மா கிடைக்கிறது இல்லை. அப்போ இந்த மூணு மஞ்சளுக்கு நடுவுல அது எப்படிக் கிடைச்சுது? ஒருவேளை செக்கிங் அன்னிக்கு எல்லாம் பச்சையா இருந்திருக்கும். எனக்குத் தெரியணும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் இருக்கிற தியேட்டர், கல்யாண மண்டபம், கேம் சென்டர் எல்லாத்துக்கும் கடைசியா என்னிக்கு சோதனை நடந்துச்சு, எத்தனை இடத்துக்குச் சான்று இருக்குன்னு கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதியிருக்கேன். ரொம்ப ஈஸி பாஸ். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு தபால். 30 நாளைக்குள்ளே பதில் சொல்லணும்.

அம்மாவும் நானும் போன ஞாயித்துக்கிழமை வேற ஒரு தியேட்டருக்குப் போனோம். டிக்கெட் எடுக்கிறப்போ, 'பால்கனி வேண்டாம்டா, கீழேயே எடு'ன்னாங்க. உள்ளே போனதும் உட்காரலை. செவப்பு டப்பா எங்கேன்னு தேடினோம். அம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. இடது பக்கக் கதவுகிட்ட, ஹீரோ ஸ்டாண்டி கட்-அவுட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு இருந்துச்சு. அம்மா நேரா போய் அந்தக் கட்-அவுட்டை ரெண்டு அடி தள்ளி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தாங்க. 'யாருங்க அது, ஸ்டாண்டியை நகத்தினது?'ன்னு ஒரு பையன் ஓடி வந்தான்.

'நான்தாம்ப்பா'ன்னாங்க.

மனு போட்டு இன்னியோட பதினோரு நாள் ஆகுது. பதில் வந்ததும் இதே பக்கத்துல எழுதறேன். அதுக்குள்ளே உங்க ஹாஸ்டல் ரூம்ல கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டு, கவர் இருந்தா கழட்டிடுங்க மக்களே. தீன்னா 101, இல்லைன்னா 112.